தூண்களுக்கு நடுவே எதை வைக்கலாம்?

வீடும் நிலமும்: வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் வாரங்களில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவையாகவே இருக்கும். இம்முறை வந்தவற்றில் ஆறு கடிதங்கள் ஒரே இடத்தைப் பற்றிப் பேசுகின்றன. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வீட்டின் அடியில், தூண்களுக்கு நடுவே, காலியாகக் கிடக்கும் இடம் அது. ஆகவே இவ்விதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*

கேள்வி: எங்கள் வீடு சென்னையை அடுத்த முடிச்சூரில் உள்ளது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பழைய வீட்டுக்குள் நான்கரை அடி தண்ணீர் நின்றது. அந்த வீட்டை இடித்துவிட்டு 12 தூண்களின் மேல் புதிய வீடு கட்டினோம். அடியில் 8 அடி உயரத்தில் 800 சதுர அடி இடம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழே 3 அடி தண்ணீர் வந்து போயிற்று. மேலே எந்தச் சேதமும் இல்லை. எங்களிடம் கார் இல்லாததால் இடம் வீணாகிறது. சுற்றிலும் நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பி, முன்புறம் ரோலிங் ஷட்டர் போட்டு, கணவரின் சமையல் தொழிலுக்கான பாத்திரங்களையும் பழைய மரச்சாமான்களையும் வைக்க விரும்புகிறோம். இரு பக்கமும் வாட்டர்புரூஃப் கலவை சேர்த்துப் பூசிவிட்டால் சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?
– வாசகி, முடிச்சூர்

பதில்: பொருள் வைக்கலாம், மேஸ்திரி சொல்லும் முறையில் மட்டும் அடைக்க வேண்டாம். 2023இல் உங்கள் வீடு நனையாமல் தப்பியதற்குக் காரணம், வந்த தண்ணீர் தூண்களுக்கு நடுவே புகுந்து, தடையில்லாமல் மறுபக்கம் போனதுதான். தண்ணீரை உள்ளே விடாத சுவரை எழுப்பினால், பல லட்சம் செலவழித்து வாங்கிய அந்த வசதியை நீங்களே திருப்பிக் கொடுத்தவர் ஆவீர்கள்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. இரண்டு தூண்களுக்கு இடையே 3 மீட்டர் நீளத்துக்குச் சுவர் இருக்கிறது, வெளியே 1.2 மீட்டர், அதாவது ஏறக்குறைய 4 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, உள்ளே காய்ந்த தரை என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு சுவரின் மீது பக்கவாட்டில் விழும் அழுத்தம் சுமார் 2,160 கிலோவாக இருக்கும். தண்ணீரின் உயரம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நின்ற தண்ணீருக்கே இவ்வளவு. அடையாற்றிலிருந்து வேகமாக ஏறிவரும் தண்ணீருக்கு இழுவை வேறு உண்டு. நாலரை அங்குலச் சுவர் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கட்டப்படுவதன்று. அது இடிந்து விழுந்தால் பாத்திரங்களோடு நட்டம் முடிந்துவிடும் என்பதால் அதைக்கூட நான் பெரிதாக நினைக்க மாட்டேன். சுவர் இடியாமல் நின்றால்தான் கவலை. சுவர் வாங்கிய தள்ளுவிசை முழுவதும் அது தொட்டுக்கொண்டிருக்கும் தூண்களுக்குப் போகும். அந்தத் தூண்களோ பெரும்பாலும் மேலிருந்து இறங்கும் சுமையைக் கணக்கிட்டுக் கம்பி கட்டப்பட்டவை.

வாட்டர்புரூஃப் கலவையைப் பற்றியும் ஒரு சொல். சுவரில் பூசிய பூச்சு சுவர் வழியாக வரும் கசிவைத் தடுக்கும். தண்ணீர் தரைக்கு அடியிலிருந்தும் ஊறி வரும். ஷட்டரின் அடிவிளிம்பு வழியாகவும், கழிவுநீர்க் குழாய் வழியாக எதிர்த்திசையில் ஏறியும் வரும். வெளியே 4 அடித் தண்ணீர் நிற்கும் வீட்டில் உள்ளே மட்டும் காய்ந்திருக்க வேண்டுமானால், தரையும் சுவரும் சேர்ந்து ஒரே தொட்டியாகக் கான்கிரீட்டில் வார்க்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி வார்த்தாலும் அந்தத் தொட்டி படகைப் போல மேலே எழும்பப் பார்க்கும்; அந்த விசையையும் தாங்கும்படி அது வடிவமைக்கப்பட வேண்டும். அவ்வளவு செலவு செய்து காக்க வேண்டிய பொருள் பழைய கட்டில் அன்று.

ஆகவே, தண்ணீர் உள்ளே வரட்டும் என்று ஏற்றுக்கொண்டு அடைப்பதுதான் சரியான வழி. வெளியே உள்ள மட்டமும் உள்ளே உள்ள மட்டமும் ஏறக்குறைய சமமாக ஏறி, சமமாக இறங்கினால், நின்ற தண்ணீரின் அழுத்தம் இருபுறமும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு ஓர் எளிய அளவு சொல்லப்பட்டிருக்கிறது. உயர்த்தப்பட்ட வீட்டின் அடியை அடைத்தால், அடைத்த பரப்பில் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஒரு சதுர அங்குலம் வீதம் நிரந்தரத் திறப்பு இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு திறப்புகள் இருக்க வேண்டும். அவற்றின் அடிவிளிம்பு தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் போகக் கூடாது. அந்த விதி நம் ஊரில் செல்லுபடியாகாவிட்டாலும், அழுத்தத்தின் கணக்கு முடிச்சூருக்கும் அதேதான். உங்கள் 800 சதுர அடிக்கு 800 சதுர அங்குலத் திறப்பு வேண்டும். 16 அங்குலத்துக்கு 8 அங்குல ஓட்டை ஒன்றின் பரப்பு 128 சதுர அங்குலம் ஆதலால், ஏழு ஓட்டைகள் போதும் என்று கணக்கு சொல்லும். அதன் மேல் கம்பிவலை அடித்தால் வலைக்கம்பி அடைத்துக்கொள்ளும் பரப்பைக் கழிக்க வேண்டும். அடையாற்று வெள்ளம் ஆகாயத்தாமரையையும் பிளாஸ்டிக் பைகளையும் கூடவே கொண்டுவந்து வலையை மூடும். அதனால் இந்தக் கணக்கை நான் குறைந்தபட்ச அளவாகத்தான் கொள்வேன். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். அடைப்பு முழுவதையுமே ஊடுருவக்கூடியதாக அமைத்துவிடுவேன்.

அதற்குப் பல வழிகள் உள்ளன. துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தில் வெல்டு மெஷ் பொருத்தித் தூண்களுக்கு நடுவே கதவு போல மாட்டலாம். பார்வைக்கு மறைவு வேண்டுமென்றால் இடைவெளி விட்டுப் பட்டைகளை வரிசையாக அடிக்கலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உயரக் கால்களில் நிற்கும் பழைய மரவீடுகளின் அடியை இவ்வாறு மரப்பட்டைகளால் மறைத்திருப்பார்கள். காற்றும் தண்ணீரும் போகும். தெருவில் நடப்பவருக்கு உள்ளே இருக்கும் தட்டுமுட்டுச் சாமான் தெரியாது. நம் ஊரில் மரத்துக்குக் கறையான் இருப்பதால் அலுமினியமோ இரும்போ நல்லது. செங்கல் ஜாலி அழகாக இருக்கும். ஆனால் அதைத் தூணோடு ஒட்டிக் கட்டக் கூடாது.

ஏன் ஒட்டக் கூடாது என்பதை விளக்கியாக வேண்டும், ஏனெனில் பலரும் தவறு செய்யும் இடம் இதுதான். 2001 ஜனவரி 26ஆம் தேதி குஜராத்தின் பூஜ் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிக் கட்டடங்கள் பல சரிந்தன. அவற்றுள் பல, கீழ்த்தளத்தை வாகனம் நிறுத்துவதற்காகத் தூண்களோடு மட்டும் திறந்து விட்டவை. மேல்தளங்கள் சுவர்களால் விறைப்பாக இருக்க, கீழ்த்தளம் மட்டும் தளர்வாக இருந்ததால் அசைவு முழுவதையும் அந்தத் தூண்களே ஏற்றன. அதற்கு அடுத்த ஆண்டு திருத்தப்பட்ட இந்தியத் தரநிலையில்தான் சென்னை நிலநடுக்க அபாயத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து, அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. இதைக் கேட்டவுடன், ‘அப்படியானால் கீழேயும் சுவர் எழுப்பினால் விறைப்பு கூடுமே, நல்லதுதானே’ என்று தோன்றும். நான்கு பக்கமும் சமமாக, முழு உயரத்துக்கு, கணக்கிட்டு எழுப்பினால் அது ஓரளவு உண்மை. வீடுகளில் நடப்பது வேறு. மூன்று பக்கம் சுவரும் முன்பக்கம் ஷட்டரும் வைத்தால் நிலம் அசையும்போது கட்டடம் முறுக்கிக்கொள்ளும். காற்று வரட்டும் என்று 4 அடிக்குச் சுவரும் அதற்கு மேல் கம்பியும் வைத்தால், 8 அடித் தூணில் கீழ்ப்பாதி சுவரால் பிடிக்கப்பட்டு, மேல்பாதி மட்டுமே வளைய முடியும். அந்தக் குட்டைப் பகுதி தன் தகுதிக்கு மீறிய விசையை வாங்கிக்கொண்டு வெடித்துவிடும். அரைச் சுவர் பார்ப்பதற்குப் பாதி ஆபத்து போலத் தெரிந்தாலும், தூணுக்கு அதுதான் முழு ஆபத்து. எனவே எந்த அடைப்பானாலும் தூணிலிருந்து விலகி, தன் சட்டத்தில் தானே நிற்கும்படி அமைத்து, இடைவெளியை மென்மையான பொருளால் மூடுங்கள். வேலையைத் தொடங்கும் முன் வீட்டுக்கு வரைபடம் போட்ட கட்டமைப்புப் பொறியாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அனுமதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அந்தத் தளம் வாகன நிறுத்துமிடம் என்று குறிக்கப்பட்டிருந்தால், அதைச் சுவர் வைத்து அறையாக்குவது வரைபடத்தை மீறுவதாகும். வீட்டை விற்கும்போதும் வங்கியில் அடமானம் வைக்கும்போதும் அது கேள்வியாக எழும். கழற்றி மாட்டக்கூடிய வலைச்சட்டத்துக்கு அவ்வளவு சிக்கல் வராது என்றாலும், உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

கடைசியாகத் தரை. வெள்ளம் வடியும்போது சேற்றை விட்டுவிட்டுத்தான் போகும். தரையை நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் வெளிப்பக்கம் சாய்த்துச் சிமெண்ட் தரையாகப் போட்டுவிட்டால், குழாய் பிடித்து ஒரே நாளில் கழுவித் தள்ளிவிடலாம். உங்கள் பாத்திரங்கள் பித்தளையும் எவர்சில்வரும் அலுமினியமும்தானே? அவை நனைந்தால் கழுவிக்கொள்ளலாம். இரும்பு அலமாரித் தட்டில் கயிற்றால் கட்டி வையுங்கள், அண்டாக்கள் மிதக்கும். மரச்சாமான்கள் மட்டும் மேலே போகட்டும். நம் முன்னோர் வேண்டாத பொருளையெல்லாம் பரணில் ஏற்றி வைத்ததை நாம் இட நெருக்கடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மழை நாட்டில் வாழ்ந்தவர்களின் முன்யோசனையும் அதில் இருந்திருக்கலாம்.

*

கேள்வி: சாலையை ஒவ்வொரு முறையும் உயர்த்திப் போட்டதால் எங்கள் வேளச்சேரி வீடு தெருவைவிடப் பள்ளமாகிவிட்டது. ஜாக்கி வைத்து 5 அடி உயர்த்த முடிவு செய்திருக்கிறோம். உயர்த்திய பிறகு அடியில் மண் நிரப்புவது வழக்கம் என்கிறார்கள். மண்ணுக்குப் பதிலாக அந்த 5 அடியைக் காலியாக விட்டுச் சேமிப்பறையாக்கினால் மண் செலவும் மிச்சம், இடமும் கிடைக்குமே?
– வாசகர், வேளச்சேரி

பதில்: கணக்கு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வீடு முழுவதும் அப்படியே மேலே எழும் என்ற எண்ணத்தின் மேல் அது நிற்கிறது. ஜாக்கி வைத்து உயர்த்தும்போது மேலே போவது சுவர்களும் கூரையும்தான். சுவர்களுக்கு அடியில் கடைக்காலைத் தோண்டி, ஜாக்கிகளையும் இரும்புச் சட்டங்களையும் கொடுத்து, அங்குல அங்குலமாக ஏற்றுவார்கள். நீங்கள் நடக்கும் தரை மண்ணின் மேல் பாவப்பட்டது. அது சுவரோடு கூட வராது. பழைய தரையை உடைத்து எடுத்துவிட்டு, சுவர்கள் உயர்ந்த பின் அடியில் மண்ணையோ கட்டட இடிபாட்டையோ நிரப்பி, கெட்டித்து, அதன் மேல் புதுத் தரை போடுவார்கள். மண் நிரப்பாமல் விட்டால் தரை நிற்க ஆதாரம் இருக்காது. காலியிடம் வேண்டுமென்றால் ஒவ்வோர் அறைக்கும் சுவரிலிருந்து சுவருக்குக் கான்கிரீட் தளம் ஒன்று வார்த்தாக வேண்டும். அதன் எடையையும், அதன் மேல் வரும் சுமையையும், அந்தத் தளம் ஏற வேண்டிய பழைய சுவர்கள் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மண்ணில் மிச்சம் பிடித்ததைக் கம்பியிலும் கான்கிரீட்டிலும் கொடுத்துவிடுவீர்கள்.

செலவைப் பொருட்படுத்தாமல் செய்தாலும் கிடைப்பது என்ன? தளத்தின் தடிமனும் உத்தரமும் போக நாலே கால் அடி உயரமுள்ள, குனிந்து செல்ல வேண்டிய, வெளிச்சமில்லாத ஒரு பொந்து. சுவர்கள் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். காற்றோட்டம் இல்லாவிட்டால் அந்த ஈரம் உங்கள் புதுத் தளத்தின் அடியில் தங்கிக் கம்பியை அரிக்கும். சுற்றுச்சுவரில் எதிரெதிராகத் திறப்புகள் வைத்தால் ஈரம் குறையும், ஆனால் மழை நாளில் அவற்றின் வழியே தண்ணீர் வரும், வரத்தான் வேண்டும். அப்படித் தண்ணீர் வந்து போகும் இடத்தில் சேமிக்கத்தக்கது மிகக் கொஞ்சம்.

வீட்டைத் தூக்கி அடியை நிரப்பும் இந்த வேலை இன்று நேற்று வந்ததன்று. 1900ஆம் ஆண்டு செப்டம்பரில் வீசிய புயலில் பல ஆயிரம் உயிர்களை இழந்த அமெரிக்காவின் கால்வெஸ்டன் தீவு நகரம், கடல் தடுப்புச் சுவர் எழுப்பியதோடு, ஊரின் தரைமட்டத்தையே உயர்த்தியது. 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்களைக் கையால் திருகும் ஜாக்கிகளால் தூக்கி நிறுத்தி, கடல் மணலைத் தண்ணீரோடு கலந்து குழாய்களின் வழியே அடியில் பாய்ச்சினார்கள். இடத்தைக் காலியாக விட்டிருந்தால் அவர்களுக்கும் செலவு மிச்சமாகியிருக்கும். உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இதுதான்: மண்ணை அரை அடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டுத் திமிசு போட்டுக் கெட்டித்து நிரப்புங்கள். அவசரமாகக் கொட்டி மூடிய மண் இரண்டு மழைக்குப் பிறகு அமுங்கி, தரை ஓடுகள் ஒலிக்கத் தொடங்கும்.

*

கேள்வி: கடலூர் அருகே எங்கள் வீடு 6 அடித் தூண்களின் மேல் உள்ளது. கீழே கம்பிவலை அடித்து அடைத்திருக்கிறோம். அங்கே நெல் மூட்டை, யூரியா, பூச்சிமருந்து, கூடுதல் காஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, விறகு, தேங்காய் ஆகியவற்றை வைத்திருக்கிறோம். வேறு எச்சரிக்கை ஏதேனும் உண்டா?
– வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: உண்டு. நீங்கள் குறிப்பிட்ட ஏழு பொருள்களில் ஒன்றைக்கூட நான் அங்கே இப்போதுள்ளபடி விட மாட்டேன்.

யூரியா நீரில் கரைந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். பூச்சிமருந்துப் புட்டிகள் மிதந்து உடைந்தால் உங்கள் கிணறும் பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். நட்டத்தைவிட அந்தப் பழி பெரிது. நெல்லைப் பற்றி உழவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெல் சேமிக்கும் குதிர்களைக்கூடக் கல்லின் மேல்தான் நிறுத்தினார்கள்.

சிலிண்டரைப் பற்றிப் பலர் அறியாத செய்தி ஒன்று இருக்கிறது. வீட்டு உபயோகச் சிலிண்டரில் உள்ள எரிவாயு 14.2 கிலோ; இரும்புக் கலத்தோடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. அந்தக் கலம் விலக்கும் நீரின் எடை அதைவிட அதிகம் என்பதால், காலிச் சிலிண்டர் மட்டுமன்றி நிறைந்த சிலிண்டரும் வெள்ளத்தில் மிதந்து தூண்களில் மோதும். வெள்ளமே வராவிட்டாலும், அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படியும். நாற்புறமும் அடைத்த தாழ்ந்த இடம் அதற்குக் கிண்ணம் போலாகிவிடும். உங்களுடையது வலையடைப்பு என்பதால் ஓரளவு தப்பித்தீர்கள். ஆனாலும் சிலிண்டருக்கு அது இடமன்று. இன்வெர்ட்டர் பேட்டரி மேலே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். மின்னேற்றம் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும்.

விறகும் தேங்காயும் தீங்கற்றவை என்று தோன்றும். அவை வெள்ளத்தோடு போனால் போகட்டும் என்று விடலாம்தான். ஆனால் கட்டாமல் அடுக்கிய விறகுக் கட்டைகள் ஓடும் நீரில் இடிகட்டைகளாக மாறி உங்கள் வலையையும் கீழ்வீட்டுக்காரரின் சுவரையும் தாக்கும். வைப்பதானால் வலைப்பையில் இட்டுத் தூணோடு கட்டுங்கள். ஏணி, பிவிசி குழாய், மண்வெட்டி, சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி ஆகியவை தாராளமாக இருக்கலாம். புயல் எச்சரிக்கை வந்த அன்று இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் மேலே ஏற்றிவிடக்கூடிய அளவுக்கு மேல் அங்கே எதையும் சேர்க்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் உங்கள் மாவட்டத்தில் கரையேறியபோது யாரும் நிதானமாகச் சாமான் எடுத்துக்கொண்டிருக்கவில்லை.

*

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் கடற்கரைக்கு அருகே பழைய வீடொன்றை வாங்கியிருக்கிறோம். 10 அடி மரக்கால்களில் நிற்கிறது. முந்தைய உரிமையாளர் அடியில் பாதியை அடைத்து, ஜன்னல் வைத்து, ஏ.சி. பொருத்தி, விருந்தினர் அறையாக்கியிருக்கிறார். கூடுதல் அறை கிடைத்ததென்று மகிழ்ந்தோம். காப்பீட்டு முகவர் முகம் சுளிக்கிறார். ஏன்?
– வாசகர், டெக்சாஸ்

பதில்: அவர் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. வெள்ள அபாய மண்டலத்தில் கணிக்கப்பட்ட வெள்ள மட்டத்துக்குக் கீழே அடைத்த இடத்தை மூன்று காரியங்களுக்கு மட்டுமே அங்குள்ள விதி அனுமதிக்கிறது: வாகனம் நிறுத்துதல், மேலே செல்லும் வழி, பொருள் சேமிப்பு. விருந்தினர் உறங்குவது அந்தப் பட்டியலில் இல்லை. அலை அடிக்கும் கடலோர மண்டலத்தில் விதி இன்னும் கடுமையானது. அங்கே வீட்டின் அடி திறந்தே இருக்க வேண்டும். அடைத்தால் கொசுவலையோ, இடைவெளி விட்ட சட்டகமோ, அலை மோதியதும் வீட்டுக்குச் சேதம் செய்யாமல் தானாகப் பெயர்ந்து விழுந்துவிடும் சுவரோதான் இருக்கலாம். அந்தச் சுவர் ஒரு சதுர அடிக்கு 10 முதல் 20 பவுண்டு விசைக்குள் பெயர்ந்துவிட வேண்டும் என்று அளவும் வைத்திருக்கிறார்கள். விழுவதற்கென்றே சுவர் கட்டுவது நமக்கு விந்தையாகப்படும். ஆனால் பெயராமல் நின்ற சுவர் தன் மீது விழுந்த அலையின் விசையை மரக்கால்களுக்குக் கொடுத்து வீட்டையே சாய்த்துவிடும் என்பதைப் பல புயல்களில் பார்த்த பிறகு எழுதிய விதி அது.

மூன்று வேலைகள் செய்யுங்கள். முதலில், உங்கள் இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை நகர அலுவலகத்தின் வெள்ளப்பகுதி நிர்வாகியிடம் கேளுங்கள். இரண்டு மண்டலங்களுக்கும் விதி வேறு. அடுத்து, அடியை அறையாக மாற்ற மாட்டோம் என்ற ஒப்பந்தத்தில் முந்தைய உரிமையாளர் எப்போதாவது கையொப்பமிட்டாரா என்று பத்திரங்களைப் பாருங்கள். பல ஊர்களில் அது சொத்தோடு சேர்ந்தே அடுத்தவருக்கு வரும். பிறகு, அங்கே ஓடும் மின்கம்பி, ஏ.சி., உள்சுவர்ப் பலகை ஆகியவற்றை அகற்றும் செலவைக் கேட்டு வையுங்கள். கீழ்ப்பகுதியில் உள்ள பொருள்களுக்கு வெள்ளக் காப்பீடு தரும் பாதுகாப்பு மிகக் குறுகியது. விருந்தினர் அறைக் கட்டிலுக்கு இழப்பீடு எதிர்பார்க்காதீர்கள். சட்டத்துக்குப் புறம்பான ஓர் அறைக்கும் சேர்த்து விலை கொடுத்திருந்தால், அதை விற்றவரிடம் பேச வழக்கறிஞர்தான் உங்களுக்கு உதவுவார், நானன்று.

*

கேள்வி: அடியை அடைத்த பிறகு எலியும் பாம்பும் வந்துவிட்டன. சிறு கண் வலை போட்டு முழுவதும் மூடிவிடலாமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: தண்ணீர்த் திறப்புகளைச் சிறு கண் வலையால் மூடினால் முதல் வெள்ளத்திலேயே குப்பை அடைத்துக்கொள்ளும். எலி வருவதற்குக் காரணம் இடத்தின் அடைப்பைவிட அங்கே நீங்கள் வைத்திருக்கும் தீனியும் மறைவும்தான். சாக்கும் அட்டைப்பெட்டியும் பழைய துணியும் இருந்தால் எலி குட்டி போடும். எலியைத் தேடிப் பாம்பு வரும். பொருள்களைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், சுவரை ஒட்டாமல், பின்புறம் விளக்கடித்துப் பார்க்கும்படி வையுங்கள். ஒரு மூலைகூட இருட்டாக இருக்க வேண்டாம். மழைக்குப் பின் அங்கே இறங்குவோர் காலில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளட்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலிலுள்ள புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரும். கவிழ்க்காமல் வைத்த வாளியிலும் டயரிலும் கொசு வளரும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

*

கேள்வி: பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டின் அடித்தூண் தளத்தைத் தகரத்தால் அடைத்திருக்கிறோம். மோட்டார், மின்கணக்கீட்டுப் பெட்டி, மெயின் போர்டு எல்லாம் அங்கேதான் உள்ளன. மிச்ச இடத்தில் ஒரு கட்டில் போட்டுக் காவலாளியைத் தங்கவைக்கலாம் என்று நினைக்கிறோம்.
– வாசகர், பள்ளிக்கரணை

பதில்: வேண்டாம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுற்றுப்புறத்துத் தண்ணீரெல்லாம் வந்து சேரும் இடம். இரவில் தண்ணீர் ஏறினால் அடைத்த தகரத்துக்குள் உறங்குபவருக்குக் கட்டில் நனையும்போதுதான் தெரியும். அப்போது வெளியேற ஒரே கதவு, அதையும் தண்ணீர் வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும், அருகிலேயே மின்சாரம் ஓடும் மின்பலகை. காவலாளிக்கு இடம் கொடுப்பதானால் மாடிப்படி முடியும் இடத்தில் கொடுங்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, உங்கள் தெருவில் இதுவரை ஏறிய அதிகபட்ச வெள்ளக் குறியைச் சுவரில் கோடாக வரைந்து, அதற்கு இரண்டு அடி மேலே மெயின் போர்டை மாற்றுங்கள். கணக்கீட்டுப் பெட்டியை நீங்களாக நகர்த்தக் கூடாது. மின்வாரியத்தில் விண்ணப்பம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அடித்தளத்து விளக்குக்கு மேலிருந்து இறங்கும் தனி இணைப்பு கொடுத்து, அதற்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்புச் சுவிட்சு ஒன்றை மாடியிலேயே வையுங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கீழே இறங்காமல் அணைக்க முடிய வேண்டும். மோட்டாரைத் தூணில் இரும்புத் தாங்கி அடித்து உயர்த்தலாம், ஆனால் நீர் உறிஞ்சும் உயரம் கூடுவதால் பிளம்பரிடம் கேட்டுச் செய்யுங்கள். தண்ணீர் தடையில்லாமல் வந்து போகும்படி, தகரத்தின் கீழ்ப்பகுதியில் ஓர் அடி உயரத்தை இந்த வாரமே வெட்டி எடுத்துவிடுங்கள்.